கணவாய்க்கு இந்தப் பக்கத்து வெயில்

போன வாரம் நீங்கள் மேற்பார்வை பார்க்கிற கட்டட சைட்டுக்கு வந்திருந்தேன். கேட்டில் புதிதாக ஒரு போர்டு மாட்டியிருந்தீர்கள். ஹெல்மெட் போட்ட ஆள் ஒருவன் கையில் பாட்டிலோடு சிரிக்கிறான், கீழே கொட்டை எழுத்தில் 'அடிக்கடி தண்ணீர் குடியுங்கள்' என்று இருந்தது. உள்ளே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து மறுபடி அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏன் சார் சிரிக்கிறீங்க?" என்று உங்களில் புதிதாகச் சேர்ந்த பெண் கேட்டாள். நின்றுகொண்டே சொல்லக்கூடிய பதில் இல்லை அது. அதனால் சாயா குடித்துவிட்டுக் கிளம்பி வந்துவிட்டேன். இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன். எல்லோரும் படித்துவிட்டு அப்புறம் சண்டைக்கு வாருங்கள்.

முதலில் என்னைப் பற்றி. கட்டட வேலையில் முப்பத்திரண்டு வருடம் மேற்பார்வை பார்த்தவன். முதல் நாலு வருடம் கல்ஃபில், மீதி எல்லாம் தக்கலைக்கும் குளச்சலுக்கும் நடுவே. படித்தது வெறும் டிப்ளமோதான். ஆனாலும் ஆட்கள் எல்லோருக்கும் நான் ஓவர்சீயர். முன்கோபக்காரன் என்று பெயர் வாங்கியிருக்கிறேன், அது பொய் இல்லை.

நம் மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு பெருமை உண்டு. வெயில் என்பது ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அந்தப் பக்கம் உள்ள சரக்கு என்று நினைப்போம். திருநெல்வேலிக்குப் போய்விட்டு பஸ்ஸில் திரும்பும்போது, கணவாய் தாண்டியதும் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர் சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டு, "அப்பாடா, நம்ம ஊரு வந்தாச்சு" என்பார். வருடத்துக்கு இரண்டு மழைக்காலம், வடக்கே மலை, தெற்கே கடல். இங்கே அடிப்பதை வெயில் என்றே சொல்ல மாட்டோம், 'புழுக்கம்' என்போம். புழுக்கத்தில் எவனாவது செத்திருக்கிறானா?

நானும் அப்படித்தான் நினைத்தேன். இத்தனைக்கும் நான் ஒன்றும் தெரியாதவன் இல்லை. கல்ஃபில் கோடைக்காலத்தில் பன்னிரண்டரை அடித்தால் வெளிவேலையை நிறுத்திவிடுவார்கள். எங்கள் கேம்பில் ஒரு நர்ஸ் இருந்தார், பெயர் மறந்துவிட்டது. அவர் எங்களை வரிசையாக உட்காரவைத்து, "வெயிலில் ஆள் விழுந்தா முதல்ல குளிர வை. பிறகு வண்டியப் பாரு. மாத்திச் செய்யாதே" என்று திரும்பத் திரும்பச் சொல்வார். நாங்கள் தலையாட்டுவோம். நான்கு வருடம் தலையாட்டிவிட்டு ஊருக்கு வந்தேன். பெட்டியில் டேப்ரெக்கார்டரும் கம்பளியும் வந்தன, அந்தப் பாடம் மட்டும் வரவில்லை. இந்த ஊருக்கு அது எதற்கு என்று நானே விட்டுவிட்டேன்.

இனி ரோசம்மா. கலவைச் சட்டி சுமக்கிற பெண்களை எங்கள் பக்கம் கையாள் என்போம். ரோசம்மா கையாள். அப்போது நாற்பது தாண்டியிருக்கும். சேலைக்கு மேலே புருஷனுடைய பழைய முழுக்கைச் சட்டை, தலையில் சும்மாடு. பதினோரு வருடமாக என் சைட்டுகளில் வேலை பார்த்தவள். வாய் என்றால் அப்படி ஒரு வாய். நான் மேலே நின்று "வேகம், வேகம்" என்று கத்தினால், கீழேயிருந்து பதில் வரும்: "ஓவர்சீயரே, இந்தக் கலவை மிச்சம் வந்தா உங்க வாய்க்கும் ஒரு மூடி வார்த்துப் போடுதோம்." வரிசை முழுக்கச் சிரிக்கும். சட்டியும் தானாக வேகமாக வரும். எனக்குக் கோபம் வருவது போல நான் நடிப்பேன், அவள் பயப்படுவது போல நடிப்பாள். என்னை ஒரு நாளும் சார் என்று சொன்னதில்லை. அவளுக்கு எல்லோரும் 'ஏ'தான். ஓவர்சீயரே, மேஸ்திரியே, டாக்டரே.

முட்டம் போகிற ரோட்டில் ஒரு கல்யாண மண்டபம் கட்டினோம். மண்டபத்தின் சொந்தக்காரர் கல்ஃபில் வெல்டர். இருபது வருட உழைப்பை அந்த மண்டபத்தில் போட்டிருந்தார். கூரைக்குக் கான்கிரீட் போடுகிற நாளை இங்கே வார்ப்பு என்போம். அது பாதி வேலை, பாதி திருவிழா. வார்ப்பு முடிந்தால் எல்லோருக்கும் பிரியாணி. ஆனால் தொடங்கினால் நடுவில் நிறுத்தக் கூடாது. காய்ந்த கான்கிரீட்டோடு புதியது சரியாக ஒட்டாது, மழை வந்தால் அந்த வரியில் ஒழுகும். அந்த வேலைக்கு மே மாதம் முதல் வாரத்தில் நாள் குறித்திருந்தோம். இரண்டு நாள் கழித்து அவருக்கு விமானம். கூரையைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்று அவருக்கு ஆசை, அது நியாயமான ஆசைதான்.

காலை ஆறு மணிக்குத் தொடங்கி பதினொன்றுக்குள் முடிப்பதாகத் திட்டம். நானும் ஏற்பாட்டில் குறை வைக்கவில்லை என்று நினைத்தேன். இரண்டு டிரம் நிறையக் குடிதண்ணீர் வைத்தேன். ஒரு பெரிய பாத்திரத்தில் சம்பாரம், அதாவது மோரில் இஞ்சியும் உப்பும் பச்சைமிளகாயும் தட்டிப் போட்டது. நானே ருசி பார்த்து உப்புப் போட்டேன்.

கலவை போடுகிற மிக்சர் எஞ்சின் கிளம்பவில்லை. மெக்கானிக் வந்து, திட்டி, கழற்றி, மாட்டி முடிக்கும்போது எட்டரை. முதல் சட்டி மேலே போனது ஒன்பது மணிக்கு. அந்த இடத்தில் "இன்று வேண்டாம், நாளை காலை வெளுப்பில் போடலாம்" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வேண்டியவன் நான் ஒருத்தன்தான். ஆட்கள் வந்தாயிற்று, பிரியாணி அடுப்பில் ஏறியாயிற்று, சொந்தக்காரர் புது வேட்டியில் நிற்கிறார். எனக்கு வாய் வரவில்லை. பாருங்கள், ஊரைத் திட்டுகிற வாய் அன்றைக்குத் திறக்கவில்லை.

கடல் கூப்பிடு தூரத்தில் கிடக்கிறது, ஒரு இலை அசையவில்லை. லேசாக மேகம் வேறு மூடியிருந்ததால் வெயில் குறைவு என்று தைரியம். உடம்பெல்லாம் வியர்வை, ஆனால் ஒரு சொட்டு காயவில்லை. வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும், ஒழுகிக்கொண்டே இருந்தால் பிரயோஜனம் இல்லை என்பதைப் பிறகு டாக்டர் சொல்லித்தான் முழுதாகப் புரிந்துகொண்டேன். அந்தப் பக்கத்து வெயில் கண்ணுக்குத் தெரியும். இந்தப் பக்கத்து வெயில் நிழலிலும் ஆளை வேகவைக்கும்.

பன்னிரண்டு மணி இருக்கும். சாய்வுப் பலகையில் பெண்கள் வரிசையாக நின்று சட்டியைக் கைமாற்றி மேலே அனுப்புகிறார்கள். உச்சியில் ரோசம்மா நின்று வாங்கி, தளத்தில் நிற்கிற கொத்தனாரிடம் கொடுக்கிறாள். பாதிக்குமேல் முடிந்திருந்தது. வரிசையில் பேச்சுச் சத்தமே இல்லை. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? இன்றைக்குத்தான் ஒழுங்காக வேலை செய்கிறார்கள் என்று நினைத்தேன். என் முப்பத்திரண்டு வருடத்தில் நான் செய்த பெரிய தப்பு எது என்று கேட்டால், இதைத்தான் சொல்வேன்.

சும்மா சீண்டிப் பார்ப்போமே என்று, "என்ன ரோசம்மா, சட்டி ஊர்ந்து வருது? உறக்கமா?" என்றேன்.

அவள் திரும்பினாள். முகம் செக்கச் செவேல் என்றிருந்தது. என்னைப் பார்க்காமல் எனக்குப் பின்னால் எதையோ பார்த்து, "சரி சார்" என்றாள்.

எனக்கு ஒரே குஷி. பதினோரு வருடத்தில் முதல் தடவையாக மரியாதை! சிரித்துக்கொண்டே பத்தடி நடந்திருப்பேன். வரிசையில் அவளுக்கு அடுத்து நின்ற லில்லி கீழேயிருந்து கூப்பிட்டாள். "ஓவர்சீயரே! அக்கா உங்கள சாருண்ணா கூப்பிட்டா?"

"ஆமா. இப்பமாவது புத்தி வந்துதே."

"கலெக்டரு வந்தாலும் கலெக்டரேண்ணு கூப்பிடுதவளாக்கும் அவ. அக்காக்கு என்னமோ ஆச்சு, பாருங்க!"

திரும்பிப் பார்த்தேன். ரோசம்மா நிறைந்த சட்டியோடு நடந்துகொண்டிருந்தாள். கொத்தனார் நின்ற பக்கமும் இல்லை, பலகை இருந்த பக்கமும் இல்லை. திறந்து கிடந்த விளிம்பைப் பார்த்து நடந்தாள். கீழே பதினைந்து அடி. பச்சைக் கான்கிரீட்டில் கால் புதைய, கம்பி தடுக்க, எப்படி ஓடினேன் என்று தெரியாது. கையைப் பிடித்து இழுத்தேன். சட்டி மட்டும் கீழே போய் விழுந்தது. பிடித்த கை, அடுப்பிலிருந்து இறக்கிய பானையைத் தொட்டது போலச் சுட்டது.

"ரோசம்மா, நான் யாரு?"

என்னை உற்றுப் பார்த்தாள். "மீனு வேண்டாம். நேத்தே வாங்கியாச்சு" என்றாள்.

மற்ற நாளாக இருந்தால் என்னை மீன்காரனாக்கியதற்கு ஒரு வாரம் சிரித்திருப்போம். "மிக்சர நிறுத்து! எல்லாரும் இறங்கு!" என்று கத்தினேன். கொத்தனார்கள் இரண்டு பேரும் லில்லியும் சேர்ந்து அவளைத் தாங்கிக் கீழே இறக்கி, பலாமரத்தடியில் படுக்கவைத்தார்கள்.

சொந்தக்காரர் ஓடிவந்தார். கெட்ட மனுஷன் இல்லை, கையில் கார்ச்சாவியோடுதான் வந்தார். "ஏத்துங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம். அரை மணிக்கூர் ஆவும். நீங்க மேல போய் வேலையப் பாருங்க, பாதியில கிடக்கு."

அரை மணி நேரம் என்றதும் அந்த நர்ஸின் குரல் காதில் கேட்டது. மாத்திச் செய்யாதே.

"வண்டி நிக்கட்டும். முதல்ல இவள குளிர வைக்கணும்" என்றேன். சுற்றிலும் பார்த்தேன். நனைப்புத் தொட்டி பக்கத்தில் சணல் சாக்குகள் அடுக்கியிருந்தன. அவை எதற்கு என்று உங்களுக்குத் தெரியும். கான்கிரீட்டுக்கு வெயில் பட்டு வெடிப்பு விழக் கூடாது என்று, ஈரச் சாக்கை விரித்து, பல நாள் விடாமல் நனைக்கிறோமே, அதற்காக நானே எண்ணி வாங்கி வைத்தவை. கான்கிரீட்டுக்கு அத்தனை யோசித்திருக்கிறேன். அதைச் சுமக்கிறவளுக்கு யோசிக்கவில்லை. அப்போது வந்த வெட்கம் இன்றும் போகவில்லை.

"சாக்க தொட்டியில முக்கிக் கொண்டாங்க!"

ஆண்கள் தயங்கினார்கள். பெண்பிள்ளை உடம்பில் எப்படித் தண்ணீர் ஊற்றுவது, எப்படித் தொடுவது? எனக்கும் ஒரு நொடி கை நின்றதை மறைக்க மாட்டேன். லில்லிதான் சத்தம் போட்டாள். "நாணம் பாத்துக்கிட்டு நிக்கியளா? தொட்டியிலிருந்து கோரி இங்க வைங்க, நாங்க பாத்துக்கிடுதோம்!" பெண்கள் சேலைமேல் போட்டிருந்த சட்டைகளைக் கழற்றி நாலு பக்கமும் மறைப்புப் பிடித்தார்கள். ஆண்கள் வாளி வாளியாகக் கோரி வைத்தார்கள். கழுத்திலும் கக்கத்திலும் தொடையிலும் ஈரச் சாக்கு, மேலே தண்ணீர், சாக்கு சூடாக மறுபடி வேறு சாக்கு. யாரோ ஒரு டம்ளர் சம்பாரத்தை வாயில் ஊற்றப் போனார்கள். தட்டிவிட்டேன். நினைவு தப்பின ஆளுக்கு வாயில் எதுவும் கொடுக்கக் கூடாது, மூச்சுக்குழலில் போய்விடும். இதை மட்டுமாவது மறக்காதீர்கள்.

சொந்தக்காரர் மேலே பார்த்தார். "இப்பம் நிறுத்தினா ஒழுகுமே ஓவர்சீயரே. எனக்க சம்பாத்தியம் முழுக்க அங்க கிடக்கு."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் கத்தவில்லை. "உங்க கம்பெனியில இந்த நேரத்துல உங்கள வெளிய நிறுத்தி வெல்டிங் பண்ணச் சொல்லுவானா?" என்று மட்டும் கேட்டேன்.

அவர் சாவியை டிரைவரிடம் கொடுத்தார். கிடந்த ஒரு பிளைவுட் துண்டை இரண்டு கையாலும் எடுத்து, மறைப்புக்கு வெளியே முகத்தைத் திருப்பி நின்றுகொண்டு, விசிற ஆரம்பித்தார். புது வேட்டி முழுக்கச் சேறு. அவர் விசிறியதைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் பலகை எடுத்தார்கள்.

எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள். கால் மணி நேரம் இருக்கலாம், எனக்கு அரை நாள் போல இருந்தது. சூடு கொஞ்சம் இறங்கியதாக லில்லி சொன்னதும் ஈரச் சாக்கோடேயே காரில் ஏற்றினோம். லில்லி மடியில் தலை. நான் முன்சீட்டில். மண்டைக்காடு தாண்டும்போது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"சாக்கு நாறுது, ஓவர்சீயரே."

அழுதுவிட்டேன். டிரைவர் முன்னால் அழுதேன், வெட்கப்படவில்லை.

பிழைத்துக்கொண்டாள். குளிரவைத்துக் கொண்டுவந்ததால் தப்பினாள் என்று டாக்டர் சொன்னார். மறுநாள் சாயங்காலம் பார்க்கப் போனபோது அவர் கேட்டார், "நேத்து காலையில இருந்து எவ்வளவு தண்ணி குடிச்சிருந்தாங்க?" நான் நெஞ்சை நிமிர்த்தி, "ரெண்டு டிரம் வச்சிருந்தேன் டாக்டர். சம்பாரம் வேற" என்றேன்.

கட்டிலில் கிடந்த ரோசம்மா சிரித்தாள். "வச்சீங்க. ஆரு குடிச்சா?"

"ஏன், நீ குடிக்கலியா?"

"வெள்ளம் குடிச்சா பிறகு எங்க போவேன்? ஆணுங்களுக்குத் தென்னந்தோப்பு இருக்கு, சுவர் இருக்கு. எங்களுக்கு என்ன இருக்கு உங்க சைட்டுல? காலைல ஒரு சாயா. பிறகு வீட்டுல போன பிறகாக்கும் வெள்ளம். வார்ப்பு நாளுண்ணா நாங்க எல்லாரும் பேசி வச்சுக்கிடுவோம், ஒருத்தியும் குடிக்கப்பிடாதுண்ணு. ஒருத்தி போனா வரிசை நிக்குமே, நீங்க சத்தம் போடுவீங்களே."

"பதினோரு வருஷமாவா?"

"உங்ககிட்ட பதினோரு வருஷம்."

பெண்கள் தண்ணீர் அதிகம் கேட்க மாட்டார்கள், அவர்கள் உடம்பு வாகு அப்படி என்று நான் வேறு ஆட்களிடம் பெருமையாகச் சொன்னதுண்டு. டிரம்மைக் காலி செய்ததெல்லாம் ஆண்கள். என் கண் முன்னே நடந்திருக்கிறது, நான் ஒரு நாளும் பார்க்கவில்லை.

கூரையை மறுநாள் விடியற்காலையில் தொடங்கி பத்தரைக்குள் முடித்துவிட்டோம். சொந்தக்காரர் பார்த்துவிட்டுத்தான் விமானம் ஏறினார். ஜூன் மழைக்கு அந்த வரியில் ஒழுகத்தான் செய்தது. கல்ஃபிலிருந்து போன் பண்ணினார், "ஓவர்சீயரே, ஒழுகுதாம்." "ஒழுகும். அடச்சுத் தாரேன்" என்றேன். அடைத்தும் கொடுத்தேன். மேடைக்கு மேலே அண்ணாந்து பார்த்தால் இப்போதும் லேசாக ஒரு கோடு தெரியும். எனக்கு அது பிடித்த கோடு.

அதன்பிறகு நான் கட்டின எந்த சைட்டிலும் சிமெண்ட் வைக்கிற ஷெட்டுக்கு முன்னாடி எழும்பியது கழிப்பறைதான். கதவும் தாழ்ப்பாளும் உள்ளே வாளியும் உண்டு. முதலில் செங்கல்லுக்குக் காசு கொடுக்க மாட்டேன் என்றார் ஒரு காண்ட்ராக்டர். கல்யாண ஃபிளெக்ஸ் பேனர்களைக் கேட்டு வாங்கி மறைப்புக் கட்டினேன். உள்ளே போகிறவர்களை மணமக்கள் கும்பிட்டு வரவேற்றார்கள். இரண்டு நாளில் அவரே செங்கல் அனுப்பினார். மிக்சர் ஏழு மணிக்குள் கிளம்பாவிட்டால் அன்றைக்கு வார்ப்பு இல்லை. பதினொன்றிலிருந்து மூன்றரை வரை தளத்தில் யாரும் கிடையாது. நாள் தள்ளினால் சொந்தக்காரர்கள் முறைப்பார்கள். முறைக்கட்டும், அதற்குத்தானே நமக்குச் சம்பளம்.

இன்னொன்று. இப்போது உங்கள் சைட்டில் பாதிப் பேர் வடக்கேயிருந்து வந்தவர்கள். அவர்கள் பேச்சு உங்களுக்குப் புரியாது. புரிய வேண்டாம். தினமும் காலையில் பத்து நிமிடம் சும்மா கேளுங்கள். யார் சத்தமாகச் சிரிப்பவன், யார் போனில் பாட்டுப் போடுபவன், யார் மற்றவனைச் சீண்டுபவன் என்று தெரிந்துவிடும். மத்தியானம் அந்தச் சத்தத்தில் ஒன்று குறைந்தால், வெப்பம் அளக்கிற மீட்டரைத் தேடாதீர்கள், அந்த ஆளை இறக்கி நிழலில் உட்கார வையுங்கள். அவன் மறுப்பான், வெயிலில் நின்ற எவனும் தனக்கு முடியவில்லை என்று சொன்னதில்லை.

சரி, உங்கள் போர்டு. அதைக் கழற்ற வேண்டாம். கீழே கொஞ்சம் இடம் இருக்கிறது, அங்கே ஒரு அம்புக்குறி போட்டு, 'கழிப்பறை இந்தப் பக்கம்' என்று எழுதுங்கள். எழுதிவிட்டு, அந்தப் பக்கத்தில் நிஜமாகவே ஒன்று இருக்கிறதா என்று போய்ப் பாருங்கள். அன்றைக்கு நான் போய்ப் பார்த்தேன், மணல் குவியல்தான் இருந்தது. அதனால்தான் சிரித்தேன்.

நான் ஓய்வு பெற்றபோது ஆட்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு சாயா விருந்து வைத்தார்கள். அதே மண்டபத்தில்தான், சொந்தக்காரர் வாடகை வாங்கவில்லை. என்னை மேடையில் அந்தக் கோட்டுக்கு நேர் கீழே உட்காரவைத்தார்கள். ரோசம்மாவை நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். பட்டுச்சேலை உடுத்து, மைக்கைப் பிடித்து, என்னைப் பார்த்து, வெகு பணிவாக ஆரம்பித்தாள்.

"சார்..."

நாற்காலி பின்னால் சாய எழுந்துவிட்டேன். "ஏட்டி லில்லி, வெள்ளம் கொண்டா! ஓடு!"

மண்டபம் இடிந்து விழுகிற மாதிரிச் சிரிப்பு. ரோசம்மா மைக்கை விடாமல், சிரிப்பு அடங்கும்வரை நின்றாள்.

"பயப்படாம இருங்க ஓவர்சீயரே" என்றாள். "காலைலருந்து மூணு செம்பு வெள்ளம் குடிச்சாச்சு. ரெண்டு தடவ போயும் வந்தாச்சு."